தனியே விட்டால் தானாகப் படிப்பார்களா? வன்னியில் பயிற்சி வைத்தியர்களின் சுயகற்றல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வன்னியில் மெடிக்கல் வார்டில் வேலை செய்யும் வைத்தியர். இன்டர்ன் வைத்தியர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. புதிதாக வரும் கொன்சல்டன்ட்கள் (நிபுணர்கள்), மூத்த எம்.ஓ.க்கள் (மருத்துவ உத்தியோகத்தர்கள்), இன்டர்ன்கள் எல்லோரும் தேத்தண்ணி நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். பதில்கள் என் வார்டில் நான் செய்து பார்த்தவை. உங்கள் வார்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

சுயகற்றல் என்றால் என்ன? புத்தகத்தோடு தனியே இருப்பதா?

இல்லை. இந்தச் சொல்லைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ். 1975இல் அவர் தந்த விளக்கத்திலேயே, கற்பவர் இதை மற்றவர்களின் உதவியோடும் செய்யலாம், உதவியில்லாமலும் செய்யலாம் என்று இருக்கிறது. அந்த 'உதவியோடும்' என்ற சொல்லை நாங்கள் எல்லோரும் வசதியாக மறந்துவிட்டோம்.

வார்டில் நான் நாலு கேள்வியாகச் சொல்வேன். எனக்கு எது தெரியாது? அதை எங்கே தேடுவது? தேடிக் கிடைத்தது நம்பத்தக்கதா? அதனால் நாளைக்கு நான் எதை மாற்றிச் செய்யப்போகிறேன்? நாலாவது கேள்வி இல்லாவிட்டால் மற்ற மூன்றும் வெறும் வாசிப்புத்தான்.

ஐந்து வருடம் மருத்துவ பீடத்தில் படித்தவர்களுக்குப் படிக்கத் தெரியாதா?

சோதனைக்குப் படிக்க நன்றாகத் தெரியும். உயர்தரத்தில் டியூஷன் கொட்டிலில் தொடங்கிய பழக்கம் அது. சேர் நோட்ஸ் தருவார், கடந்தகால வினாத்தாளைச் செய்துபார்த்தால் எது வரும் என்று தெரிந்துவிடும். நானும் அப்படி வந்தவன்தான், குறை சொல்லவில்லை. மருத்துவ பீடத்திலும் பாடத்திட்டத்தை வேறு யாரோதான் போட்டுத் தருகிறார்கள்.

இன்டர்ன்ஷிப்பில் பாடத்திட்டத்தைப் போடுவது நோயாளி. ஆறு மாதம் ஒரு பிரிவு, அடுத்த ஆறு மாதம் இன்னொரு பிரிவு, பிறகு வைத்தியராக முழுப் பதிவு. அதற்குப் பிறகு ஒருவரை எங்கே போடுவார்கள் என்று சொல்ல முடியாது. காட்டோரம் ஒரு சிறு வைத்தியசாலையில் இரவு முழுக்க அவர் ஒருவர்தான் வைத்தியராக இருக்கக்கூடும். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். பக்கத்து அறையில் நிபுணர் இருக்கிறார் என்ற எண்ணத்தோடு இங்கே வேலை செய்ய முடியாது.

தனியே விட்டுவிட்டால் தாமாகப் படித்துக்கொள்வார்களே? நாங்கள் அப்படித்தானே படித்தோம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். தனியே விடுவது சுயகற்றல் அல்ல. நீச்சல் தெரியாதவனை இரணைமடுக் குளத்தில் தள்ளிவிட்டால் சிலர் கரை சேருவார்கள், அது உண்மை. அப்படிக் கரை சேர்ந்தவர்கள்தான் பிறகு 'நாங்கள் அப்படித்தான் படித்தோம்' என்று சொல்கிறவர்கள். சேராதவர்களைக் கேட்பாரில்லை. இங்கே மூழ்குவது பெரும்பாலும் வைத்தியர்கூட இல்லை, நோயாளி.

ஜெரால்ட் க்ரோ என்பவர் 1991இல் சுயகற்றலுக்கு நாலு படிகளைச் சொன்னார். முதற்படியில் கற்பவர் முழுக்க ஆசிரியரை நம்பியிருப்பார். அடுத்தது ஆர்வம் வந்த படி. அதற்கடுத்தது ஈடுபாட்டோடு சேர்ந்து செய்யும் படி. நாலாவதில்தான் தன் வழியைத் தானே போடுவார். முதற்படியில் நிற்பவரிடம் நாலாம் படிக்குரிய ஆசிரியர் போல 'நீங்களே பாருங்கோ' என்று சொன்னால் அவர் பயந்து ஒதுங்குவார். நாலாம் படியில் நிற்பவரிடம் 'சொன்னதை மட்டும் செய்யுங்கோ' என்றால் அவருக்கு வெறுத்துப்போகும்.

ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு படியிலும் நிற்பார் என்பதை நான் இதோடு சேர்த்துக்கொள்வேன். சலரோகக் கிளினிக்கைத் தனியே நடத்தக்கூடிய இன்டர்னுக்கு முதல் பாம்புக்கடிக் கேஸில் கை நடுங்கும். அன்றைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆள் எந்தப் படி என்று முத்திரை குத்தாமல், இந்த விடயத்தில் எந்தப் படி என்று பாருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

கண்ணுக்கு முன்னால் இருக்கும் நோயாளியிலிருந்து. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

காலபோக அறுவடை நேரம். வயலில் காலில் ஏதோ கடித்தது என்று ஒரு ஐயாவைக் கொண்டுவந்தார்கள். பாம்பைக் காணவில்லை. புடையனாக (கண்ணாடி விரியன்) இருக்குமோ என்று சந்தேகம். புடையன் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்கும். அதைக் கட்டிலருகிலேயே பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. சில மில்லிலீற்றர் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துவிட்டு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. உறைந்திருந்தால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் வேலை செய்கிறது.

இன்டர்ன் தங்கச்சி செய்தார். ஓடியது. விஷமுறிவு மருந்து போட ஆயத்தம் செய்துவிட்டு எனக்கு அழைத்தார். போய்ப் பார்த்தேன். கடிவாயில் வீக்கம் இல்லை, பல்முரசில் இரத்தக் கசிவு இல்லை, சலம் தெளிவாகப் போகிறது. ஐயா என்னைப் பார்த்து, "தம்பி, எனக்கு ஒண்டுமில்லை, மாடு கட்டாமல் நிக்குது" என்கிறார். குழாயைக் கையில் எடுத்தேன். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். சிங்குக்குப் பக்கத்தில், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததாம். எதால் கழுவியது? சவர்க்காரத்தால்.

புதுக் குழாயில் திரும்பச் செய்தோம். இருபதாவது நிமிடம் இரத்தம் கட்டியாக நின்றது. ஆளை விட்டுவிடவில்லை. நேரத்துக்கு நேரம் சோதனையைத் திரும்பச் செய்தபடி கவனித்தோம்.

அந்த இடத்திலேயே காரணத்தைச் சொல்லியிருப்பேன், வாயில் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "ஏன் கண்ணாடி? பிளாஸ்டிக் என்றால் என்ன? சவர்க்காரம் என்ன செய்தது? நாளைக்கு ரவுண்டுக்கு முதல் மூன்று நிமிடம் சொல்லுங்கோ" என்றேன். அடுத்த நாள் சொன்னார். கண்ணாடியின் மேற்பரப்பில் இரத்தம் படும்போது பன்னிரண்டாம் உறைதற் காரணி தூண்டப்படுகிறது. உறைதல் அங்கேதான் தொடங்குகிறது. பிளாஸ்டிக் அப்படித் தூண்டாது. சவர்க்காரம் பட்ட கண்ணாடியும் தூண்டாமல் போகலாம். அதனால் நல்ல இரத்தமும் உறையாமல் நின்று எங்களை ஏமாற்றும். உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசியப் பாம்புக்கடி வழிகாட்டியில் இது எழுதியே இருக்கிறது.

இரண்டாம் வருடத்தில் உறைதற் காரணிகளை அட்டவணையாகப் பாடமாக்கி ஒப்புவித்த அதே பிள்ளைதான். அன்றைக்குத்தான் பன்னிரண்டாம் காரணி அவருக்குச் சொந்தமானது. அதோடு நிற்கவில்லை, புதுக் குழாய்களைத் தனியே ஒரு பெட்டியில் போட்டு, 'கழுவ வேண்டாம்' என்று எழுதி ஒட்டினார். நாலாவது கேள்வி என்று நான் சொன்னது அந்தப் பெட்டியைத்தான்.

கேள்வியை எப்படி உருவாக்குவது? 'பாம்புக்கடி பற்றி வாசி' என்றால் போதாதா?

போதாது. 'பாம்புக்கடி பற்றி' என்பது தலைப்பு. தலைப்பைத் தேடினால் நானூறு பக்கம் வரும், பிள்ளை நித்திரையாகிவிடும். பதில் சொல்லக்கூடிய அளவுக்குக் கேள்வியைச் சுருக்க வேண்டும். யாருக்கு, என்ன செய்வதால், எதோடு ஒப்பிட்டால், என்ன பலன் என்று நாலு துண்டாக உடைக்கப் பழக்குங்கள்.

ஒரு உதாரணம். விஷமுறிவு மருந்து ஏற்றும்போது கடும் ஒவ்வாமை வரலாம். அதைத் தடுக்க முன்கூட்டியே ஹைட்ரோகோர்டிசோன் ஊசி போடும் வழக்கம் பல இடங்களில் நெடுங்காலம் இருந்தது. அது உண்மையில் உதவுகிறதா? துண்டு துண்டாக: பாம்பு கடித்து விஷமுறிவு மருந்து பெறுபவருக்கு, முதலில் ஒரு தடுப்பு மருந்து கொடுத்தால், எதுவும் கொடுக்காததோடு ஒப்பிட, கடும் ஒவ்வாமை குறைகிறதா?

இதற்குப் பதில் தேட வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. இலங்கையிலேயே 1,007 நோயாளிகளை வைத்து ஆய்வு செய்து, 2011இல் யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய சஞ்சிகையில் வெளியிட்டிருக்கிறார்கள். தோலுக்குக் கீழ் சிறு அளவில் போட்ட அட்ரினலின் கடும் ஒவ்வாமையை நன்றாகக் குறைத்தது. ஹைட்ரோகோர்டிசோனும் புரோமெதசினும் குறைக்கவில்லை.

இதை ஒரு இன்டர்ன் தானே கண்டுபிடித்துவந்து, "சேர், நாங்கள் போடுற ஊசியால பிரயோசனம் இல்லைப் போல" என்று சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள். அன்றைக்கு நீங்கள் சுளித்தால் அடுத்த கேள்வி வராது.

நேரம் எங்கே இருக்கிறது? ஒன்-கோல் முடிந்தால் நித்திரை கொள்ளவே நேரமில்லை.

நியாயமான முறைப்பாடு. நித்திரை முறித்துப் படி என்று யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஆனால் நான் கேட்பது மணிக்கணக்கு இல்லை. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, சட்டைப்பையில் ஒரு சின்னக் கொப்பி. கேள்வி வரும்போதே எழுதிவிட வேண்டும், பின்னேரம் யோசிக்கலாம் என்றால் மறந்துபோகும். பதில் தேட பதினைந்து நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்பதும் கற்றல்தான். கிழமைக்கு ஐந்து கேள்வி என்றால் ஆறு மாதத்தில் நூற்றுக்கு மேல்.

கொன்சல்டன்ட்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பதினைந்து நிமிடத்தை நீங்கள் கொடுக்க வேண்டும். மதியம் ஒன்றரைக்கு இன்டர்ன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் உடனே விளையாட்டு என்று நினைக்காதீர்கள். என்ன பார்க்கிறார் என்று கேளுங்கள். சிலவேளை விளையாட்டாகவும் இருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வார்ட் ரவுண்டில் நான் என்ன செய்ய வேண்டும்? முப்பது நோயாளிகள் இருக்கிறார்கள்.

எல்லோரிடமும் செய்யாதீர்கள். ஒரு ரவுண்டில் இரண்டு கட்டில் போதும். 1992இல் அமெரிக்கக் குடும்ப வைத்தியர்கள் சிலர் எழுதிய ஒரு முறை இருக்கிறது, 'ஒரு நிமிட ஆசிரியர்' என்று சொல்வார்கள். ஐந்தே அசைவு. முதலில் ஆளை ஒரு முடிவு சொல்ல வையுங்கள். ஏன் என்று கேளுங்கள். ஒரு பொது விதியைச் சொல்லிக்கொடுங்கள். சரியாகச் செய்ததைச் சொல்லுங்கள். பிழையைத் திருத்துங்கள். என் வார்டில் அது இப்படிப் போகும்:

"தம்பி, இந்த ஐயாவுக்கு என்னெண்டு நினைக்கிறீங்கள்?"

"எலிக்காய்ச்சல் எண்டு நினைக்கிறன் சேர்."

"ஏன்?"

"அஞ்சு நாள் காய்ச்சல், கண் சிவந்திருக்கு, கெண்டைக்கால் தொட்டால் நோகுது. போன கிழமை முழுக்க வயலுக்குள்ள நிண்டவர்."

"நல்லது, தொழிலைக் கேட்டது மிச்சம் நல்லது. அது இல்லையெண்டால் வேறென்ன?"

"...உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம்."

"அதுக்கு எங்க பாத்தனீங்கள்?"

தம்பி பேசவில்லை. சாரத்தைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்கச் சொன்னேன். அரையில், தோல் மடிப்புக்குள், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுத்தப் பொருக்கு, உண்ணிக் காய்ச்சலின் அடையாளம்.

"விதி இதுதான். இந்தப் பக்கத்தில காய்ச்சலோட வந்தால் கக்கம், அரை, மார்புக்குக் கீழ எல்லாம் பாக்காமல் பரிசோதிச்சதா எழுதக்கூடாது. பொருக்கு நோகாது, அரிக்காது. நோயாளிக்கே தெரிஞ்சிருக்காது."

இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. முதலாவது கேள்வியில்தான் விடயம் இருக்கிறது. இன்டர்ன் ஒரு முடிவைச் சொல்லிவிட்டால் அது சரியா பிழையா என்று அறிய அவருக்கே ஆவல் வரும். நீங்களே முடிவைச் சொல்லிவிட்டால் அவர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்.

கேள்வி கேட்டால் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.

எப்படித் திறப்பார்கள்? சின்ன வயதிலிருந்து பிழையாகச் சொன்னால் சிரிப்பு, சரியாகச் சொன்னால் 'பெரிய ஆள்' என்ற பட்டம். வார்டில் தாதியர், நோயாளி, நோயாளியின் மாமி எல்லோருக்கும் முன்னால் 'இதுகூடத் தெரியாதா' என்று கேட்ட கொன்சல்டன்ட்டை யாரும் மறப்பதில்லை. நானும் மறக்கவில்லை.

வழி ஒன்றுதான், மூத்தவர் முதலில் சொல்ல வேண்டும்: "எனக்குத் தெரியாது." கிழமைக்கு ஒருமுறையாவது, நோயாளிகளுக்குக் கேட்காத இடத்தில் வைத்து, எனக்குத் தெரியாத ஒன்றைச் சத்தமாகச் சொல்லி, அதை எப்படித் தேடினேன் என்று காட்டுவேன். முதற்தடவை வயிற்றைக் கலக்கும், பிறகு பழகிவிடும்.

கண்டிப்பை விடச் சொல்லவில்லை. நோயாளியைப் பார்க்காமல் பார்த்ததாக எழுதினால் நான் கத்துவேன். தெரியாது என்றதற்குக் கத்தமாட்டேன். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தன்னுடைய குறை என்னவென்று ஒருவர் தானே அறிய முடியுமா?

கஷ்டம். வைத்தியர்கள் தம்மைத் தாமே மதிப்பிட்டதையும் வெளியிலிருந்து அளந்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி 2006இல் ஒரு கட்டுரை வந்தது. பெரும்பாலான ஒப்பீடுகளில் இரண்டுக்கும் பொருத்தமே இல்லை, அல்லது மிகக் குறைவு. சில ஆய்வுகளில், மிகத் திறமை குறைந்தவர்களும் மிக நம்பிக்கையோடு இருந்தவர்களும்தான் தம்மை மதிப்பிடுவதில் மோசமாகப் பிழைவிட்டவர்கள். ஆகவே 'உங்களுக்கு எதில் பலவீனம்?' என்று வெறுமனே கேட்டு வரும் பதிலை வைத்துப் பயிற்சித் திட்டம் போடாதீர்கள்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்டர்னாக இருந்தபோது, விடியப்புறம் வயிற்றுநோ என்று ஒரு பெண் வந்தார். கொட்டிலில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர். நான் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு கஸ்ட்ரைட்டிஸ் என்று எழுதி ஊசி போட்டேன். எனக்கு அதில் ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்து மூத்த தாதி ஒருவர் மெதுவாக வந்து, "டொக்டர், அந்தப் பிள்ளைக்கு கண்மடல் விழுகுது, பாத்தனீங்களோ?" என்றார். கட்டுவிரியன். கடிவாய் தெரியாது, வீக்கம் வராது, வயிற்றுநோவாகத் தொடங்கலாம், இரவில் நிலத்தில் படுத்தவரைக் கடிக்கும். எல்லாம் எனக்கு 'தெரிந்த' விடயங்கள். அந்தப் பெண் தப்பினார், தாதியின் புண்ணியம்.

ஆகவே வெளிக் கண் வேண்டும். சின்னச் சின்ன வழிகள் போதும். ரிப்போர்ட் வருவதற்கு முதல் என்ன வரும் என்று கொப்பியில் எழுதவைத்துப் பிறகு ஒப்பிடச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்துக்கு மாற்றிய நோயாளிக்கு முடிவில் என்ன நோய் என்று போன் எடுத்துக் கேட்கச் சொல்லுங்கள், நாங்கள் அனுப்பியதோடு மறந்துவிடுகிறோம். இன்டர்ன் ஒரு நோயாளியைப் பார்க்கும்போது பத்து நிமிடம் பேசாமல் நின்று பார்த்துவிட்டு, ஒரு நல்லதையும் ஒரு திருத்தத்தையும் சொல்லுங்கள். தாதியரிடமும் கேளுங்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும், கேட்டால்தான் சொல்வார்கள்.

வாசிப்பது மறந்துபோகிறதே?

திரும்பத் திரும்ப வாசிப்பதால் மறக்கிறது. வாசித்ததை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும். 2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது, தம்மைத் தாமே சோதித்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். திரும்ப வாசிக்கும்போது தெரிந்தது போல இருக்கும், அந்த உணர்வுதான் கள்ளன்.

நாங்கள் செய்வது: ஞாயிறு பின்னேரம் இரண்டு இன்டர்ன்கள் கொப்பிகளை மாற்றிக்கொண்டு ஒருவரை ஒருவர் கேட்பார்கள். கன்டீன் வடை ஒன்று பந்தயம்.

மொழியும் இதற்குள் வருமா?

கட்டாயம். வன்னிக்கு வரும் இன்டர்ன்களில் தாய்மொழி சிங்களமாக உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தமிழ் கற்பதும் சுயகற்றல்தான், நோயறிவதில் பாதி அங்கேதான் இருக்கிறது. ஒரு சிங்கள இன்டர்ன் கொப்பியில் தன் எழுத்தில் எழுதிவைத்திருந்த பட்டியலைப் பார்த்தேன்: நாரி நோ, சத்தி, வயித்தால போகுது, சலம் கடுக்குது, முட்டு, விறைப்பு, உளைவு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதைச் சொன்ன நோயாளியின் கட்டில் எண். பாடப்புத்தகத்தில் இந்தச் சொல் ஒன்றுகூட இருக்காது.

தமிழ்ப் பிள்ளைகளே தப்பவில்லை என்பது வேடிக்கை. இங்கே 'நாரி' என்றால் இடுப்பு. கொழும்பில் வளர்ந்த ஒரு தம்பிக்கு 'நாரி' என்றால் பெண் என்றுதான் தெரியும். 'நாரி நோகுது' என்ற ஆச்சியிடம் யார் நோகிறார் என்று கேட்டிருக்கிறார்.

இங்கே ஒரு பழைய கதையையும் சொல்லலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தவர். ஆங்கிலத்தில் தொடங்கினாலும், பிறகு மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே படிப்பித்தார். நோயாளி பேசும் மொழியில் யோசிக்க முடியாத வைத்தியன் ஊருக்கு உதவமாட்டான் என்று அவருக்கு விளங்கியிருக்கிறது போலும்.

லொக் புக், போர்ட்ஃபோலியோ எல்லாம் வெறும் கடமைக்குத்தானே நிரப்புகிறார்கள்?

ஆம். பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவகத்தின் பயிற்சிகளில் போர்ட்ஃபோலியோ, அதாவது தான் கற்றதைத் தானே எழுதிவைக்கும் பதிவு, இருக்கிறது. அதற்கு வருபவர்கள் கடைசி வாரத்தில் ஒரே பேனையால் ஒரு வருடத்தை எழுதி முடிப்பதையும் பார்த்திருக்கிறேன். 'இந்த நோயாளியிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன். இனிக் கவனமாக இருப்பேன்.' இது சிந்தனை இல்லை, மன்னிப்புக் கடிதம்.

நல்லது எப்படி இருக்கும்? ஒரு இன்டர்ன் அனுமதியோடு எனக்குக் காட்டிய பக்கத்திலிருந்து, சுருக்கி: 'இரவு இரண்டு மணிக்கு அழைத்தார்கள். போக எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலில் நாடித்துடிப்பை நானே எண்ணாமல் தாதி எழுதியதைப் பார்த்து எழுதினேன். காலையில் எண்ணினால் சீரில்லாமல் அடிக்கிறது. இனி இரவில் எழும்பிப் போனால் முதலில் கையைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணுவேன், பிறகுதான் பேச்சு.' ஆறு வரிதான். எரிச்சல் இருக்கிறது, பிழை இருக்கிறது, மாற்றமும் இருக்கிறது.

இப்படி எழுதியதை யாராவது தண்டனைக்குப் பயன்படுத்தினால் அன்றோடு எல்லாம் முடிந்தது. இனிமேல் மன்னிப்புக் கடிதம்தான் வரும்.

போனில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார்கள். விடலாமா?

தடுத்தால் ஒளித்துக் கேட்பார்கள். கேட்கட்டும், ஆனால் தன் முடிவை முதலில் கொப்பியில் எழுதிவிட்டுக் கேட்கட்டும். மருந்தின் அளவை அதிலிருந்து ஒருபோதும் எடுக்கக்கூடாது. தேசிய வழிகாட்டியையோ மருந்துக் கையேட்டையோ பார்க்க வேண்டும். நஞ்சு விடயம் என்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருக்கும் நஞ்சுத் தகவல் நிலையத்துக்கு நேரே அழைக்கலாம்.

சிறு வைத்தியசாலையில் நான் ஒருவர்தான். யாரோடு கற்பது?

இதுதான் வன்னியின் உண்மையான கேள்வி. மல்லாவி, நெடுங்கேணிப் பக்கமெல்லாம் இருப்பவர்கள் கேட்பது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வட்டம் அமையுங்கள், பழைய பட்ச் நண்பர்களாக இருந்தால் நல்லது. மாதம் ஒருமுறை போனில் ஒரு மணித்தியாலம். ஒவ்வொருவரும் ஒரு கேஸ், பிழைத்துப்போன கேஸாக இருந்தால் விசேடம். பெயர், ஊர், படம் எதுவும் குழுவில் போடக்கூடாது. சின்ன ஊரில் 'பாம்பு கடித்த அந்த ரீச்சர்' என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பக்கத்தில் இருப்பவர்களையும் மறக்காதீர்கள். குடும்பநல உத்தியோகத்தருக்கு எந்த வீட்டில் யார் மருந்து குடிக்கவில்லை என்று தெரியும். ஊர்ப் பரியாரியோடு (நாட்டு வைத்தியர்) சண்டை பிடிக்காமல் கதைத்துப் பாருங்கள். கடிபட்டவர் முதலில் அங்கேதான் போகிறார் என்றால், அவரை உடனே இங்கே அனுப்பிவைக்கக்கூடிய ஆளும் அந்தப் பரியாரிதான்.

எங்கள் மூத்தவருக்கு இதில் ஆர்வமே இல்லை. நான் இன்டர்ன். என்ன செய்யலாம்?

கொப்பியைத் தொடங்குங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பக்கத்தில் இன்னொரு இன்டர்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூத்தவரிடம் 'எனக்குப் படிப்பியுங்கோ' என்று கேட்டால் நேரமில்லை என்பார். 'சேர், இந்த ஆளுக்கு நான் இப்படி நினைக்கிறன், எங்க பிழைக்குது?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் நின்று பதில் சொல்வார்கள்.

ஒருவருக்கு இது பிடிபட்டுவிட்டது என்று எப்படித் தெரியும்?

புள்ளி போட்டு அளக்க எனக்குத் தெரியவில்லை. வருகிற கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். தொடக்கத்தில் 'என்ன செய்ய சேர்?' என்று வரும். பிறகு 'இப்படிச் செய்யலாமா?' பிறகு 'இப்படிச் செய்தேன், ஏன் இப்படி வந்தது?'

அந்தக் கண்ணாடிக் குழாய்த் தங்கச்சி இப்போது உள்ளூரில் ஒரு வைத்தியசாலையில் எம்.ஓ. போன மாரியில் ஒரு இரவு அழைத்தார். பாம்புக்கடியாக்கும் என்று எழும்பிச் செருப்பைத் தேடினேன். நோயாளி யாரும் இல்லை. ஒரு பெட்டி புதுக் குழாய் எடுத்துவிட்டாராம், தாதியருக்கும் செய்துகாட்டிவிட்டாராம். கேட்டது வேறு. "சேர், இங்க ஏசி றூமுக்குள்ளதான் வைக்க இடம் இருக்கு. அந்தக் குளிருக்கு இருபது நிமிஷம் காணுமோ?"

எனக்குத் தெரியவில்லை. நாளைக்குள் தேடிச் சொல்கிறேன் என்றேன்.

"நானும் தேடுறன் சேர்" என்றுவிட்டு போனை வைத்தார்.